களி கிளற இடம் உண்டா?

அடு என்றால் சமைப்பது. இந்தச் சின்னச் சொல்லிலிருந்துதான் அடுப்பு, அடுக்களை, அட்டில் எல்லாம் வந்தன. சங்க நூல்களில் சமையல் கூடத்துக்கு அட்டில் என்றே பெயர். நம் அரூர்ப் பக்கத்தில் அடுப்பங்கரை என்போம். பேரப்பிள்ளைகள் கிச்சன் என்கிறார்கள். பெயருக்கு ஈராயிரம் ஆண்டு வயது. ஆனால் அந்த அறையின் வரலாற்றை எழுதியவர்கள் குறைவு. தீர்த்தமலைக் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது. மாடு மீட்டுச் செத்த வீரனுக்கு ஊர் எல்லையில் நடுகல் இருக்கிறது. வாழ்நாளில் பாதியை அடுப்பின் முன் கழித்தவளுக்கு ஒரு கல்லும் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் இந்த ஆண்டு மட்டும் மூன்று வீடுகளில் அடுப்பங்கரையை இடித்துக் கட்டினார்கள். நான்காவது எங்கள் வீடு. பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், என்னென்ன வெச்சா உபயோகமா இருக்கும்?" மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் பிளக் பாயின்ட் பற்றித்தான் கேட்க வருவார்கள், பேச்சு அப்படியே மேடை, சிங்க், அலமாரி என்று போய்விடும். கடைக்காரர் தரும் வண்ணப் புத்தகத்தில் இதற்கு விடை கிடைக்காது. கடந்த நூறு ஆண்டில் அடுப்பங்கரைக்குள் வந்த பொருள்களில் எது நிலைத்தது, எது பரணுக்குப் போனது என்று பார்த்தால் கிடைக்கும். நிலைத்ததெல்லாம் சமைக்கிறவரின் உடம்பிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்தவை. அப்படிப்பட்ட பாரங்கள் நான்கு: புகை, குனிவு, அரைப்பு, தண்ணீர்.

என் வயதுக்காரர்களுக்குப் பழைய அடுப்பங்கரை நினைவிருக்கும். நாட்டு ஓடு வேய்ந்த வீட்டின் ஒரு மூலை. சாணம் மெழுகிய தரை. மண் அடுப்பு, பக்கத்தில் கொடியடுப்பு, ஊதாங்குழல். சுவரோரம் அம்மி, வாசலுக்குப் பக்கத்தில் ஆட்டுக்கல், புழக்கடையில் உரல். கேழ்வரகு அரைக்கத் திருகை. உறியில் தயிர்ச்சட்டி. சுவரெல்லாம் கரி. தர்மபுரி 1965 அக்டோபர் 2 அன்று தனி மாவட்டமானது; அதுவரை நாம் சேலம் மாவட்டம். அந்தக் காலத்தில் நம் கிராமத்து வீடுகளில் தினச் சாப்பாடு கேழ்வரகுக் களிதான். நெல்லுச் சோறு என்றால் நோன்பும் விருந்தும்.

களியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரை அதைச் சுற்றித்தான் போகிறது. கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டி வேகவிட்டு, பானையை இறக்கித் தரையில் வைத்து, அது ஆடாமல் கவட்டைக் கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கட்டி இல்லாமல் கிளற வேண்டும். தோளிலிருந்து வரும் பலம் அது. சோறு வடிப்பதும் களி கிளறுவதும் உடம்புக்கு ஒரே வேலை அல்ல.

புகை

நம் நாட்டில் அடுப்புப் புகையை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டு முதலில் வேலை செய்தவர்களில் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பாவின் கூட்டமும் ஒன்று. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியில் இருந்து நடத்தியவர் அவர். அங்கே செய்த புகையில்லா அடுப்புக்கு, மகன்லால் காந்தியின் நினைவாக, 'மகன் சூலா' என்று பெயர். 1950களின் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர், புகைக்குழாய் வைத்த இன்னொரு அடுப்பை வடிவமைத்தார். பிறகு 1980களில் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக்கி, நாடு முழுவதும் லட்சக்கணக்கில் புகையில்லா அடுப்புகள் போட்டுக் கொடுத்தது.

நம் பக்கத்துக் கிராமங்களிலும் அவற்றைப் பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் குழாயில் கரி அடைத்துக்கொள்ளும். யார் ஏறிச் சுத்தம் செய்வது? அடுப்பின் வாய் ஓர் அளவு, வீட்டுப் பானை வேறு அளவு. பெரிய விறகு நுழையாது. கனமான களிப்பானையை ஏற்றி இறக்கியதில் மண் வாய் உடையும். உடைந்ததும் பழைய மூன்று கல் அடுப்புக்கே திரும்பினார்கள். அடுப்பு நல்ல அடுப்புதான். அதில் என்ன வேகப்போகிறது என்று கேட்காமல் போட்டுவிட்டார்கள். 2002இல் அந்தத் திட்டம் முடிந்தது.

புகையை உண்மையில் விரட்டியது கேஸ். 1965இல் இந்தியன் ஆயில் நிறுவனம் கல்கத்தாவில் இண்டேன் இணைப்பைத் தொடங்கியது. நம்மைப் போன்ற சிற்றூர்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை பம்பு ஸ்டவ், திரி ஸ்டவ், ரேஷன் மண்ணெண்ணெய், மரத்தூள் அடுப்பு. கேஸுக்குப் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. 2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016 மே 1 அன்று மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இருந்தும் உலகத்தில் வீட்டுப் புகையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 லட்சம் பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. என் அம்மா பீடி சுருட்டு அறியாதவர். கடைசிப் பத்து ஆண்டும் இருமிக்கொண்டே இருந்தார். அந்த இருமலுக்குக் காரணம் எங்களுக்கு வெகு தாமதமாகத்தான் புரிந்தது.

கேஸ் வந்துவிட்டதால் புகை போய்விட்டதென்று ஜன்னலை அடைக்கக் கூடாது. மிளகாய் தாளிக்கும் நெடிக்கும் எண்ணெய் ஆவிக்கும் வழி வேண்டும். அடுப்புக்கு மேலே உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன், அதற்கு எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர ஒரு ஜன்னல். இரண்டும் இருந்தால்தான் காற்று ஓடும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டரைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைக்கிறவர்கள் கதவின் அடியில் கட்டாயம் துளை விட வேண்டும். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, அலமாரிக் கதவின் பளபளப்புக்கு ஆவதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

குனிவு

நின்று சமைக்கும் மேடை நமக்கு கேஸோடு வந்தது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே முதலில் மரப்பெஞ்சு, பிறகு கடப்பாக் கல், பிறகு கிரானைட். நம் ஊரில் ஒரு தலைமுறைக்குள் பெண்கள் தரையிலிருந்து எழுந்து நின்றார்கள். அம்மிக்கும் விறகடுப்புக்கும் குனிந்த முதுகு நிமிர்ந்தது.

மேல்நாட்டில் இதை முன்னாலேயே யோசித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். பிராங்பர்ட் நகரத்தில் ஏர்ன்ஸ்ட் மாய் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் ஆயிரக்கணக்கில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்காக 1926இல் மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 6 அடிக்குச் சற்று மேல், நீளம் 11 அடி. ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கெடுத்து, எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். அப்படி சுமார் 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன. இன்று மாடுலர் கிச்சன் என்று நாம் கேட்கும் பெயருக்கெல்லாம் அது பாட்டி.

அதைப் பயன்படுத்திய பெண்கள் குறையும் சொன்னார்கள். மாவு, சர்க்கரை போடும் அலுமினிய இழுப்பறைகள் தாழ்வாக இருந்ததால் பிள்ளைகள் கைவிட்டு அளைந்தன. இன்னொரு குறை பெரியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேடையின் உயரத்துக்கு வருவோம். ஆசாரிகள் பெரும்பாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம்தான் வைக்கிறார்கள். சமைக்கிறவரை நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். காய் நறுக்கும் மேடை அதிலிருந்து சுமார் 4 அங்குலம் கீழே இருந்தால் தோளும் வலிக்காது, இடுப்பும் வலிக்காது. 5 அடி உயரப் பெண்ணுக்கு அது 33, 34 அங்குலம் வரும். 5 அடி 5 அங்குல மருமகளுக்கு அதே மேடை தாழ்வு. சிங்க்கின் அடி மேடையைவிடப் பள்ளம் என்பதால் ஆழமான சிங்க் குனிய வைக்கும். 8 அங்குல ஆழம் போதும். பலத்தோடு அழுத்துகிற வேலைக்கு மட்டும் மேடை இன்னும் தாழ்வாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டில் பேச்சு நின்றது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். வெள்ளை அலமாரி, கண்ணாடி மூடிய கேஸ் அடுப்பு, மேலே விளக்கு. எல்லாம் பார்த்துவிட்டு என் மனைவி என்னிடம் கேட்டாள்: "ஏங்க, இதுல களி எங்க நின்னு கிளர்றது?"

கடைக்காரரிடம் பதில் இல்லை. கண்ணாடி அடுப்பின் மேல் பானையை வைத்து முழு பலத்தோடு துடுப்பைப் போட முடியாது. தரையில் இறக்கிக் கிளறலாம் என்றால், அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். கீழே உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டாகிறது. அந்த மூன்று ஆண்டாக எங்கள் வீட்டில் களி குறைந்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ள எனக்குக் களி வேண்டும், கிளற அவளால் ஆகவில்லை. மேடையின் உயரம் என்பது எங்களுக்கு அழகு பற்றிய பேச்சாக இல்லை; இனி என்ன சாப்பிடப் போகிறோம் என்ற பேச்சாக இருந்தது.

கடைசியில் கொத்தனாரிடம் சொல்லி, அடுப்புக்கு ஒட்டினாற்போல் 26 அங்குல உயரத்தில் இரண்டடிக்கு இரண்டடி தனித் திண்ணை ஒன்று கட்டினோம். மேலே தடிமனான கருங்கல் பலகை. பானையை அடுப்பிலிருந்து பக்கவாட்டில் இறக்கிப் பிரிமணையில் வைத்து, நின்றபடியே கிளறலாம். மற்ற நேரத்தில் அதன்மேல் கிரைண்டர் நிற்கிறது. எந்த வண்ணப் புத்தகத்திலும் இந்தத் திண்ணை இல்லை. இப்போது வாரத்துக்கு நான்கு நாள் களி.

அரைப்பு

அரைக்கும் கருவிகளில் நம்மவர்கள் உலகுக்கே முன்னோடி. மாவாட்டும் கிரைண்டரை 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் உருவாக்கினார். முதலில் ஓட்டல்களுக்கு, பிறகு வீட்டுக்கு. கையால் குழவி சுற்றுவதற்குப் பதில் உரலே சுற்றும்; குழவி நிற்கும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது.

மிக்ஸியின் கதையிலும் ஒரு வீட்டம்மா இருக்கிறார். வெளிநாட்டு மிக்சர்கள் பழம் அடிக்கச் செய்தவை. மஞ்சளும் உளுந்தும் போட்டால் மோட்டார் எரியும். பம்பாயில் எஸ்.பி. மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்சர் பழுதாகி, பார்க்க ஆள் கிடைக்கவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 1960களில் தொடங்கிய சுமீத். நம் சமையலுக்கு ஏற்ற பலமான மோட்டார், நம் கடினப் பொருளுக்கு ஏற்ற பிளேடு. 1978இல் சென்னையில் ப்ரீத்தி வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியதும், ஆட்டுக்கல் கிராமத்திலும் வாசல்படிக்குப் போனது. புகையில்லா அடுப்பு தோற்றதற்கும் மிக்ஸி வென்றதற்கும் காரணம் ஒன்றே என்பேன். மிக்ஸியில் என்ன போடுவார்கள் என்பதைச் செய்தவர் தம் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி என் தொழில். எங்கள் காலத்தில் அடுப்பங்கரைக்கு ஒரு பல்பு போட்டால் அதுவே ஆடம்பரம். இன்று மிக்ஸி 500 முதல் 750 வாட், இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட். பழைய மெல்லிய ஒயரில் இவற்றை ஓட்டக் கூடாது. இண்டக்ஷனுக்கும் கெய்சருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட், தனி ஒயர். மேடைக்கு மேல் குறைந்தது நான்கு பாயின்ட். அடுப்பின் மேலும் சிங்க்கின் மேலும் ஒன்றும் வேண்டாம். ஈரக்கையோடு சுவிட்ச் போடும் அறை அது, ஆகவே நல்ல எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். அலமாரி போட்ட பிறகு சுவரை உடைக்க முடியாது. எலக்ட்ரீசியன் முதலில், ஆசாரி பிறகு.

கிரைண்டர் 10 கிலோவுக்கு மேல் கனம். அதைப் பரணில் வைத்தால் அது பரணிலேயே இருக்கும். கடையில் மாவு பாக்கெட் வாங்கும் பழக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான் தொடங்கியது. கனமான பொருள் இடுப்பளவில், எடுக்காமல் ஓட்டும்படி நிற்க வேண்டும். 60 வயதுக்கு மேல் ஸ்டூல் போட்டு ஏறும் அலமாரி எதற்கு? விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். கீழ் அலமாரிக்குக் கதவைவிட இழுப்பறை நல்லது. குனிந்து தேட வேண்டாம், பொருள் நம்மிடம் வரும். சிங்க்கின் அடியில் மட்டும் 710 தரப் பிளைவுட் கேளுங்கள். ஈரத்தில் சாதாரணப் பலகை ஊதிப்போகும்.

தண்ணீர்

நம் மாவட்டத்துக்கு இது தனிப் பாடம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, இளவயதிலேயே எலும்பு விறைப்பு. இவற்றைப் பரம்பரை என்று நினைத்திருந்தோம். ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். மெழுகுவத்தி ஃபில்டரிலும் போகாது, ஆர்.ஓ.வில் குறையும். குடிக்கும் தண்ணீரை மட்டும் பார்க்கிறோம். களி உலைக்கும் பருப்புக்கும் ஊற்றுகிற தண்ணீரும் வயிற்றுக்குத்தான் போகிறது. ஆகவே சிங்க்கில் இரண்டு குழாய் வையுங்கள். ஒன்று போர் தண்ணீர், கழுவ. இன்னொன்று ஒகேனக்கல் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். அதற்கு மாடியில் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வேண்டும். தரையோடு சுவரோடு வேலை நடக்கும்போதே போட்டால்தான் உண்டு. பளிங்கு டைல்ஸைவிட இது முக்கியம் என்று அரூரில் இருந்துகொண்டு துணிந்து சொல்வேன்.

கடைசிக் குறை

பிராங்பர்ட் சமையலறையின் பெரிய குறை என்னவென்றால், அதில் ஒருவர்தான் நிற்க முடியும். எல்லாம் கைக்கெட்டும்படி நெருக்கியதில், இரண்டாவது ஆளுக்கு இடமில்லாமல் போனது. சமைக்கிறவர் தனியே அடைபட்டார். உதவ வந்தவர் வாசலில் நின்றார். வடிவமைத்த அம்மையார் 1897இல் பிறந்து 2000இல்தான் மறைந்தார். தம் சமையலறை புகழப்பட்டதையும் திட்டப்பட்டதையும் இருந்து பார்த்தார்.

நம் பழைய அடுப்பங்கரையில் புகை இருந்தது, குனிவு இருந்தது. ஆனால் மாமியார் அடுப்பில், மருமகள் அம்மியில், நாத்தனார் முறத்தோடு என்று நான்கு பேர் உட்கார இடமும் இருந்தது. இப்போது வீட்டில் இரண்டு கிழங்கள் மட்டும். ஒருவருக்கு முடியவில்லை என்றால் மற்றவர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். மேடைக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே 4 அடி விடச் சொன்னேன். எதிர்ச்சுவர் அலமாரி ஒன்றைக் குறைத்தால்தான் அது கிடைக்கும் என்றார் ஆசாரி. குறைத்துவிட்டோம்.

அந்த 4 அடியில் இப்போது மாவை நான் கொட்டுகிறேன், பானையை நான் பிடித்துக்கொள்கிறேன், அவள் கிளறுகிறாள். கை ஓய்ந்தால் துடுப்பு என்னிடம் வருகிறது. அடுப்பங்கரையை இடிக்கப் போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: புகைக்கு வழி, முழங்கைக்கு ஏற்ற மேடை, கிரைண்டருக்குத் திண்ணை, இரண்டு குழாய், இரண்டு பேர் நிற்கும் அகலம். மிச்சப் பணம் இருந்தால் அலமாரிக் கதவுக்கு எந்த நிறம் என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.